காசு போட்டால் இயங்கும் பொறிகள்

இம்மலரைக் கையிலேந்தும் அன்பர்களுள், புகைவண்டி நிலைய நடைமேடையில் நின்ற எடைப்பொறியின் மீது ஒருமுறையேனும் ஏறி நில்லாதவர் மிகச் சிலரே இருப்பர். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மின்ன, கண்ணாடிக்குப் பின்னால் சக்கரம் சுழல, காசை இட்ட மாத்திரத்தில் பழைய அட்டைப் பயணச்சீட்டை ஒத்த சிறு சீட்டு ஒன்று 'டக்' என்று விழும். அதன் ஒருபுறம் எடை. மறுபுறம் நமது வருங்காலம். எடையைக் கண்டு பெரியோர் கவலை கொள்வர். வருங்காலத்தைக் குறித்துச் சிறுவர் சச்சரவிடுவர். வண்டி வரும் வரையில் பொழுதைப் போக்க அதனினும் மலிவான வழி வேறொன்று இருந்ததில்லை.

அந்த எடைப்பொறியின் குலத்தில் உதித்தவையே 'வீடியோ கேம்' பெட்டிகள். பழுதுற்ற பெட்டிகளைச் சீர்செய்தும், புதியனவாகச் செய்தும் இல்லத்தில் வைத்துக்கொள்வது இன்று பல நாடுகளிலும் பரவியுள்ள ஒரு பொழுதுபோக்கு. அலுவல் நேரம் போக மிஞ்சிய பொழுதில் நாமும் அதில் அகப்பட்டுக்கொண்டோமாதலின், அவற்றின் வரலாற்றைச் சிறிது கூற விழைகின்றோம்.

காசிட்டால் இயங்கும் பொறி நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோ என்னும் அறிஞர், கோயிலில் தீர்த்தம் வழங்கும் பொறி ஒன்றை விவரித்துள்ளார். விழுந்த காசின் பாரத்தால் நெம்புகோல் சாயும். அடைப்புத் திறந்து நீர் ஒழுகும். காசு சரிந்து விழுந்ததும் அடைபடும். அர்ச்சகர் கைநீட்ட வேண்டுவதில்லை! 1880-களில் பெர்சிவல் எவரிட் என்ற ஆங்கிலேயர் காசிட்டால் எடை காட்டும் பொறியை ஆக்கினார். அதற்கும் முன்னரே, 1871-இல், அமெரிக்காவில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் பலகை விளையாட்டில் பந்தைச் செலுத்த வில்சுருள் வைத்த தண்டு ஒன்றைப் பொருத்தி உரிமை பெற்றிருந்தார். 'பின்பால்' என்னும் விளையாட்டிற்கு அதுவே வித்து.

இவ்விளையாட்டை மேன்மக்கள் மதித்தாரல்லர். இது சூதாட்டமே என்று கூறி நியூயார்க் நகரத் தலைவர் லா கார்டியா 1942-இல் தடை விதித்ததோடு, சம்மட்டி கொண்டு பெட்டிகளைத் தம் கையாலேயே உடைக்கவும் செய்தார். அத்தடை நீங்கியது 1976-இல். ரோஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றத்தார் முன்னிலையில் ஆடிக் காட்டி, பந்து இன்ன வழியே செல்லும் என்று முன்கூட்டி உரைத்துச் செலுத்த, அது அவ்வழியே சென்றதாம். சம்மட்டி எடுத்தவர் அவர் ஒருவர்தாமா? 'கேம் கடை'க்குச் சென்றதற்காக வீட்டில் அடி வாங்கிய நம் தலைமுறையினர் லா கார்டியாவை நன்கறிவர், பெயர்தான் வேறு.

1978-இல் ஜப்பானில் நிஷிகாடோ என்பவர் இயற்றிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வெளிவந்தது. வானிலிருந்து வரிசையாக இறங்கும் ஐம்பத்தைந்து பகைவரைச் சுட்டு வீழ்த்த வேண்டும். எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து வருவர். இவ்விரைவு திட்டமிட்டதன்று. அன்றைய சிறு கணிப்பொறிச் சில்லால் அத்தனை உருவங்களையும் ஒருங்கே விரைவாக நகர்த்த இயலவில்லை. உருவங்கள் குறைந்ததும் அதன் சுமை குறைந்தது. பொறியின் குறையே ஆட்டத்தின் சுவையாயிற்று. ஆகவே, பழைய ஆட்டத்தை மீட்பவர் அதன் குறையையும் சேர்த்தே மீட்க வேண்டும் என்பது இத்துறையில் எழுதாச் சட்டம்.

நம் நாட்டு நகரங்களில் 1990-களில் சிறுவரை ஈர்த்த ஆட்டம் 'முஸ்தபா'. அதன் உண்மைப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பானிய நிறுவனமான காப்காம் 1993-இல் வெளியிட்டது. நாயகர் நால்வருள் மஞ்சள் சட்டை அணிந்தவன் பெயர் முஸ்தபா. மற்ற மூவரையும் தள்ளிவிட்டு ஆட்டத்திற்கே அவன் பெயரைச் சூட்டியவர்கள் நம் பிள்ளைகளே.

அந்தப் பெட்டிகள் எங்கே சென்றன? கடைகள் மூடப்பட்டபோது மரம் விறகுக்கும், தகடு காயலான் கடைக்கும் போயின. கோயில் மணியையும் பழைய நாணயத்தையும் காக்கும் அருங்காட்சியகம், பிள்ளைகளைக் கெடுத்ததாகப் பழி சுமந்த பெட்டியை ஏன் காக்கப் போகிறது? எஞ்சியவற்றையும் காலம் அரிக்கிறது. கெப்பாசிட்டர்கள் உலர்கின்றன. ஆட்டத்தைப் பொறித்த சில்லின் தலையில் சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு. அதை மறைத்த ஒட்டுத்தாள் உரிந்தால் புற ஊதாக் கதிர் பட்டு உள்ளிருப்பது மெல்ல அழியும். முஸ்தபாவின் அசல் பலகையில் சிறு பாட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் ஒலிப்பகுதியின் மறைகுறி அழிந்து ஆட்டம் ஊமையாகிவிடும். படக்குழாயோ, மின்னிணைப்பை அகற்றிய பின்னரும் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடியது. பழக்கமில்லாதோர் அதன் பின்மூடியைத் திறத்தலாகாது; பிள்ளைகள் உள்ள வீட்டில் மறுமுறையும் சொல்லுகிறோம், திறத்தலாகாது.

இந்த அழிவைத் தடுக்க முற்பட்டோர் வீட்டில் இருந்து உழைத்த ஆர்வலரே. 1985-இல் ஜப்பானியர் வகுத்த ஐம்பத்தாறு முனை இணைப்பு முறையால் ஒரே பெட்டியில் பல பலகைகளை மாற்றிச் செருக முடிந்தது அவர்களுக்குப் பேருதவியாயிற்று. 1997-இல் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் தொடங்கிய 'மேம்' என்னும் நிரல், பழைய பலகைகள் செய்ததைச் சாதாரணக் கணிப்பொறியே செய்யுமாறு ஆக்கியது. நிரல் அனைவர்க்கும் பொது. ஆட்டங்களின் உரிமை மட்டும் ஆக்கியோருடையது என்பதை நினைவில் வைத்தல் நலம்.

2012-இல் உள்ளங்கையளவு ராஸ்பெர்ரி பை கணிப்பொறி வந்தபின் பெட்டி செய்வது எளிதாயிற்று. களமசேரி இதற்கு ஏற்ற இடம். ஒட்டுப்பலகைக்குப் பெரும்பாவூர் அருகிலேயே உள்ளது. பலகையைக் கணிப்பொறி வரைபடத்தின்படி அறுக்கும் கருவிகள் இவ்வூர் ஃபேப் லேபில் உண்டு. கடைசல் இயந்திரங்களுக்குப் பேர்போன எச்.எம்.டி. தொழிற்சாலை உள்ள ஊராதலால், கடைசல் அறிந்த கைகளுக்கும் பஞ்சமில்லை. நாம் செய்த பெட்டியின் பிடி உடைந்தபோது முதியவர் ஒருவர் இரும்புத் தண்டைக் கடைந்து தந்தார். கூலியை வாங்க மறுத்து, இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்.

நம்மை அலைக்கழித்தது காசு வாங்கும் பகுதிதான். அயல்நாட்டுக் காசுத் துளையில் காந்தம் ஒன்று இருக்கும். இரும்பு வில்லையை இட்டு ஏய்ப்பவரைப் பிடிக்க அது. நமது ஒரு ரூபாயோ 1992 முதல் காந்தம் பற்றும் எஃகில் அடிக்கப்படுகிறது. ஆகவே நல்ல காசைக் கள்ளக் காசென்று பிடித்துக்கொண்டது. காந்தத்தைக் கழற்றினோம். பிறகு அளவு இடறியது. பழைய எஃகு ரூபாயின் விட்டம் 25 மில்லிமீட்டர். 2011-இல் வந்ததற்கு ஏறத்தாழ 22. புதியதற்கே துளையை அமைத்தோம். அப்பொழுதுதான், 1988 முதல் புழங்கிய எஃகு ஐம்பது காசும் அதே விட்டமும் ஏறத்தாழ அதே எடையும் உடையது என்று தெரிந்தது. நமது பெட்டி இரண்டையும் வேறுபாடின்றி விழுங்குகிறது. இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமற் போயின. ஐம்பது காசு இன்றும் செல்லும், வாங்குவார்தாம் இல்லை.

ஆண்டுவிழா நாளன்று அப்பெட்டி மண்டபத்தின் இடப்பக்க வாயிலருகே வைக்கப்படும். வீட்டு மேசை இழுப்பறையில் பழைய ஐம்பது காசு வைத்திருக்கும் அன்பர்கள் மறவாது கொண்டுவருக.