காலக்கெடு இல்லாத அதிகாரமும் காரணம் எழுதாத ஒப்புதலும்: மலேசிய வருமான வரி மதிப்பீட்டில் நீதிச் சீராய்வின் இடம்

மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் தலைமை இயக்குநருக்கு இரண்டு வகை அதிகாரம் தருகிறது. வரி குறைவாக மதிப்பிடப்பட்டதாக அவருக்குத் தோன்றினால், பொதுவாக அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் கூடுதல் மதிப்பீடு செய்யலாம். மோசடியோ, வேண்டுமென்றே செய்த தவறோ, கவனக்குறைவோ இருந்ததாகத் தோன்றினால் 91(3)இன்படி எந்தக் காலத்திலும் செய்யலாம். காலக்கெடுவே இல்லாத இந்த அதிகாரத்தைக் கையில் எடுக்கும்முன், மூத்த அதிகாரி ஒருவர் கோப்பைப் படித்துக் காரணம் எழுதி ஒப்புதல் தர வேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. சொல்ல வேண்டும், அந்த ஒப்புதல் நீதிச் சீராய்வுக்கும் உட்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் பத்தாண்டுக்கு முந்தைய வருமானத்தின் மேல் கூடுதல் மதிப்பீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அவர் வங்கியில் போட்ட ரொக்கத்தில் விற்பனைப் பணம் எது, மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது எது, மச்சான் கொடுத்த கைமாற்று எது என்று இப்போது பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள். 82ஆம் பிரிவின்படி அவர் கணக்கு ஆவணங்களை 7 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். எட்டாம் ஆண்டில் பில் புத்தகங்களை எடைக்குப் போட்டவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஆனாலும் மேல்முறையீட்டில் மதிப்பீடு தவறு என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை ஐந்தாம் அட்டவணை அவர் மேல்தான் வைக்கிறது. கவனக்குறைவு இருந்ததை வாரியம் காட்டிவிட்டால், தொகை தவறு என்று காட்ட வேண்டியவர் அவர். காட்டுவதற்குக் காகிதம்தான் இல்லை.

இதற்கு மேல் 103ஆம் பிரிவு இருக்கிறது. மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் வரியை 30 நாளில் கட்டியாக வேண்டும். தவறினால் 10 விழுக்காடு கூடும். வரியை வசூலிக்க வழக்குத் தொடுக்கப்பட்டால், தொகை மிகை என்றோ தவறு என்றோ சொல்லும் வாதத்தை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்கிறது 106(3). ‘முதலில் கட்டு, பிறகு பேசு’ என்று வரி முகவர்கள் சொல்வது இதைத்தான். மேல்முறையீட்டுப் படிவமான பாரம் கியூவை 30 நாளுக்குள் கொடுத்தபின், தலைமை இயக்குநர் தமது மதிப்பீட்டைத் தாமே மறுபார்வை செய்ய 12 மாதம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகே வழக்கு வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம் போகிறது. ஆக, பணம் கையை விட்டுப் போகும்முன் கோப்பை இன்னொருவர் நிதானமாகப் பார்க்கக்கூடிய ஒரே இடம் வாரியத்துக்குள் இருக்கும் மேலதிகாரியின் மேசை. 136ஆம் பிரிவின்படி தலைமை இயக்குநரின் அதிகாரம் கீழுள்ளவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. மேலதிகாரியின் பார்வை அலுவலக நடைமுறையில் இருக்கலாம். 91ஆம் பிரிவின் பார்வையில் அது ஒன்றுமே இல்லை.

இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வேறு வழியில் போனது. பழைய மதிப்பீட்டைத் திறக்க 151ஆம் பிரிவின்படி மேலதிகாரியின் இசைவு தேவைப்பட்டது. சுகமல் ராஜ்பால் வழக்கில் (1971) அந்த இசைவுப் படிவத்தையே உச்ச நீதிமன்றம் எடுத்துப் பார்த்தது. அறிவிப்பு அனுப்பத் தக்க வழக்குதானா என ஆணையர் திருப்தி அடைந்தாரா என்பது எட்டாவது கேள்வி. ஆணையர் ‘ஆம்’ என்று எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார்; வேறெதுவும் எழுதவில்லை. கீழதிகாரியின் அறிக்கையிலோ காரணம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அதை ஆணையர் படித்திருந்தால் இசைவு தந்திருக்கமாட்டார் என்று கருதிய நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது.

சோதனைக்குப் பிந்தைய மதிப்பீடுகளுக்கு இணை ஆணையரின் முன் ஒப்புதல் வேண்டும் என்று 2007இல் 153டி பிரிவு சேர்ந்தது. இயந்திரத்தனமான ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்று செராஜுதீன் வழக்கில் ஒரிசா உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. சிவ்குமார் நய்யார் வழக்கில் (2024) ஒரே அதிகாரி ஒரே நாளில் 43 வழக்குகளுக்கு ஒப்புதல் தந்திருந்ததை டில்லி உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஒரு நாளில் 43 கோப்புகளை எந்த மனிதராலும் படித்து எடைபோட முடியாது.

இந்த வரலாற்றை மலேசிய வாரியத்தின் தரப்பில் நின்று படிப்பவர் வேறொன்று சொல்லலாம்: சட்டத்தில் எழுதினாலும் ஒப்புதல் சடங்காகிவிடுகிறதே, பிறகு எதற்கு எழுத வேண்டும்? சடங்கானது உண்மை. ஆனால் அது சடங்குதான் என்று வெளியே தெரிந்ததே, நீதிமன்றம் கோப்பை வரவழைத்துப் பார்க்க முடிந்ததால். ஒப்புதல் சடங்குதானா என்று கேட்க மலேசிய வரி செலுத்துபவருக்குச் சட்டத்தில் பிடிமானமே இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு 1987ஆம் ஆண்டின் ஜக்டிஸ் சிங் தீர்ப்பிலிருந்து வருகிறது. மேல்முறையீட்டு வழி இருக்கும்போது, தெளிவான அதிகாரமின்மை, சட்டக் கடமையை அப்பட்டமாகச் செய்யத் தவறுதல், இயற்கை நீதியின் கடுமையான மீறல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலன்றி சீராய்வு வழக்கமாகக் கிடைக்காது என்றது மலேசியாவின் அன்றைய உச்ச நீதிமன்றம். வரித் தகராறுகளில் இன்றும் நீதிமன்ற விதிகளில் சீராய்வுக்கான ஆணை 53இன் கீழ் வரும் மனுக்கள் இந்த வாசலில்தான் நிற்கின்றன. இந்த வரம்பு நியாயமானதே என்று கருதுகிறேன். கடையின் லாப விகிதம் 15 விழுக்காடா 25 விழுக்காடா என்பதை உயர் நீதிமன்றம் உறுதிப் பத்திரங்களை வைத்துத் தீர்க்க முடியாது. சாட்சிகளை விசாரிக்கும் சிறப்பு ஆணையர்களே அதற்குத் தகுந்தவர்கள். ஆனால் மூத்த அதிகாரி ஒருவர் தம் மனத்தைச் செலுத்தினாரா என்பது லாபக் கணக்கு அல்ல. ஒப்புதல் சட்டக் கடமையானால், அது இல்லாமை ஜக்டிஸ் சிங் வகுத்த இரண்டாவது விதிவிலக்கில் நேராக வந்து விழும். புதிய வாசல் எதையும் திறக்க வேண்டியதில்லை.

வருவாய் இழப்பு பற்றிய அச்சத்தைத்தான் நான் மிகக் கவனமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் ஒப்புதல் விழுந்தால் பெரும்பாலும் மதிப்பீடே சாகும். தீர்ப்பு வருவதற்குள் காலக்கெடு கடந்திருக்கும். உண்மையில் ஏய்த்தவரும் அதில் தப்பிவிடலாம். மலேசியாவில் 91(3)இன் கீழ் அப்படி நடக்காது. மோசடி உண்மையானால் வாரியம் கோப்பை மீண்டும் படித்து, முறையான ஒப்புதலோடு அடுத்த மாதமே புதிய மதிப்பீடு அனுப்பலாம். எந்தக் காலத்திலும் செய்யலாம் என்ற சொற்களே அதற்கு இடம் தருகின்றன. கிள்ளான் கடைக்காரருக்கு அத்தனை சுமையாகும் அதே வாசகம், ரத்து செய்யும் நீதிமன்றத்தின் தயக்கத்தையும் நீக்குகிறது. திரும்ப எழுப்ப முடியாத மதிப்பீடு மட்டுமே ரத்தானபின் தங்காது. அதாவது, கோப்பில் மோசடிக்கோ கவனக்குறைவுக்கோ ஆதாரமே இல்லாத மதிப்பீடு. அதைக் காக்கும் நலன் அரசுக்கு இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 96ஆம் பிரிவு, கூட்டரசுச் சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கக் கூடாது என்கிறது.

ஆகவே 91(3)இல் ஓர் உட்பிரிவைச் சேர்க்க வேண்டும். மதிப்பீட்டைத் தயாரித்தவர் அல்லாத மூத்த அதிகாரி ஒருவர், மூன்று காரணங்களில் எது பொருந்துகிறது, எந்த ஆவணத்திலிருந்து அது தெரிகிறது, வரி செலுத்துபவரின் விளக்கம் ஏன் ஏற்கப்படவில்லை என்பவற்றை ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியே எழுதி ஒப்புதல் தர வேண்டும். அதன் படி மதிப்பீட்டு அறிவிப்போடு சேர்த்து அனுப்பப்பட வேண்டும். நாடாளுமன்றம் அதைச் செய்யும்வரை உயர் நீதிமன்றம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஆணை 53இன் கீழ் அனுமதி கிடைத்த வழக்குகளில், 136ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்று இந்த முடிவை எடுத்தவர் யார், அவர் முன் என்னென்ன தாள்கள் இருந்தன, எந்தத் தேதியில் படித்தார் என்பவற்றை வாரியம் தன் பதில் உறுதிப் பத்திரத்தில் சொல்லும்படி இன்றே கேட்கலாம்.