வழங்கி அறையிலிருந்து உலாவிப் பக்கத்துக்கு: டெக்சாஸ் ஆலன் வட்டாரமும் தமிழகப் பொறியாளரும்

அமெரிக்கத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கோயில்களையும் சங்கங்களையும் தமிழ்ப் பள்ளிகளையும் விரிவாகப் பதிவு செய்துள்ளனர். அச்சமூகத்தினரில் கணிசமானோர் நாள்தோறும் கையாண்ட தொழிற்கருவிகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. கணினி வழங்கிகளை உலாவி வழியே மேலாளும் நிர்வாகப் பலகம் அத்தகைய கருவிகளுள் ஒன்று. அதன் வரலாற்றில் தமிழகம் பயனராக மட்டுமன்றி ஆக்குநராகவும் இடம்பெறுகிறது.

டாலஸ் நகருக்கு வடக்கே, 75ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஆலன், 1870களில் தொடர்வண்டி நிலையமாக உருவான ஊர். இதற்குத் தெற்கிலுள்ள ரிச்சர்ட்சன், எம்.சி.ஐ., எரிக்சன், நார்டெல், ஃபுஜிட்சு முதலிய நிறுவனங்களின் வரவால் 'தொலைத்தொடர்பு வழித்தடம்' எனப் பெயர்பெற்றது. ஆலனிலேயே இன்டெகாம் நிறுவனம் அலுவலகங்களுக்கான தொலைபேசி இணைப்பகங்களை உருவாக்கியது. வட்டாரத்தின் தொழில் இத்தகைய கருவிகளைச் செய்வது. செய்த கருவி பழுதின்றி இயங்குகிறதா என்று தொலைவிலிருந்தே அறிவது அதனின்று பிரிக்க இயலாத தேவை. 1988இல் வரையறுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. நெறிமுறை அத்தேவையை நிறைவேற்றியது. மேலாளும் நிரல் வினவும். கருவியினுள் இருக்கும் சிறு நிரல் எத்தனை பொட்டலங்கள் கடந்தன, எத்தனை பிழைகள் நேர்ந்தன என்று எண்களால் விடையிறுக்கும்.

வழங்கிகளின் நிலை வேறு. வழங்கியை ஆள்பவர் குளிரூட்டிய அறையில் அதன் திரைமுன் அமர்ந்தோ, டெல்நெட் வழியாகவோ, 1995க்குப் பின் பாதுகாப்பான எஸ்.எஸ்.எச். வழியாகவோ கட்டளைகளைத் தட்டச்சு செய்தார். கட்டளைகள் அவர் நினைவில் இருந்தன. பல இடங்களில் அவர் நினைவில் மட்டுமே இருந்தன. 1997இல் ஆஸ்திரேலியரான ஜேமி கேமரூன் வெளியிட்ட வெப்மின் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. 1996இல் நிக்கோலஸ் கோஸ்டன் எழுதத் தொடங்கிய சிபேனல் பின்னர் டெக்சாஸின் ஹியூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. இவற்றின் இயக்கம் எளியது: உலாவியில் ஒரு படிவம் தோன்றும், நிரப்பி அனுப்பினால், மீப்பயனர் உரிமையுடன் இயங்கும் நிரல் உரிய அமைப்புக் கோப்புகளைத் தானே திருத்தும். கட்டளை அறியாதவரும் மின்னஞ்சல் கணக்கைத் திறக்கலாம், தளப்பெயரை இணைக்கலாம். ஆங்கிலத்தில் ஏவலரைச் சுட்டும் சொல்லால் குறிக்கப்படும் இப்பொறியைத் தமிழ் 'வழங்கி' என்று கொடையாளர் வரிசையில் வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. ஏவல் செய்வது இயந்திரமே. எனினும் பலகத்தின்முன் அமர்ந்தவர் அது வழங்கும் தெரிவுகளுக்குள்தான் ஏவ முடியும்.

தமிழகத்தின் பங்கு இதே காலத்தில் தொடங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1994இல் முனைவர் பட்டம் பெற்ற ஸ்ரீதர் வேம்பு, தம் உடன்பிறந்தார், டோனி தாமஸ் ஆகியோருடன் 1996இல் அட்வென்ட்நெட் நிறுவனத்தைத் தொடங்கினார். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் விற்பனை, சென்னையில் நிரலாக்கம் என்பது அதன் அமைப்பு. எஸ்.என்.எம்.பி. நெறிமுறைக்கான ஜாவா நிரல்தொகுதிகளே அதன் தொடக்ககாலச் சரக்கு. அவற்றை வாங்கியோர் தொலைத்தொடர்புக் கருவி செய்வோர். 2001இல் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்தது. எம்.சி.ஐ.யை உள்ளடக்கிய வேர்ல்ட்காம் 2002 ஜூலையில் திவால் பாதுகாப்பு கோரியது; நார்டெலின் வீழ்ச்சி 2009 வரை நீண்டது. ரிச்சர்ட்சன் வழித்தடத்தில் வேலைகளை அழித்த அதே சரிவு, அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளரையும் கொண்டுபோனது. நிறுவனம் கருவி செய்வோரை விட்டுக் கருவிகளைப் பயன்படுத்தும் அலுவலகங்களை நாடியது. 2002இல் தோன்றிய மேனேஜ்எஞ்சின் வரிசை அதன் விளைவு; வழங்கிகளையும் வலைப்பின்னலையும் உலாவியிலேயே கண்காணிக்கும் பலகங்கள் அதில் முதன்மை பெற்றன. இன்று சோஹோ என அறியப்படும் நிறுவனத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் அலுவலகச் செயலிகளையே முன்னிறுத்துகின்றனர். அச்செயலிகள் வருவாய் ஈட்டும்வரை நிறுவனத்தைத் தாங்கிய இந்தப் பலகங்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை.

பலகம் உலாவிக்குள் வந்தபின், ஆள்பவர் இயந்திரத்தின் அருகில் இருக்கவேண்டிய தேவை குன்றியது. கோடையில் ஆலனில் நள்ளிரவாகும்போது தமிழகத்தில் காலை 10.30 மணி. டெக்சாஸ் பொறியாளர் உறங்கும் நேரத்தில் வழங்கியைக் காப்பவர் சென்னையில் பகற்பணியில் இருக்க இயலும். 2011இல் அந்நிறுவனம் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், அலுவலகம் அமைத்தது. பின்னர் அதன் அமெரிக்கத் தலைமையிடமும் பிளெசன்டனிலிருந்து டெக்சாஸின் ஆஸ்டின் அருகே பெயர்ந்தது. குற்றால மலைச்சாரலில் எழுதப்படும் நிரல் அமெரிக்க அலுவலகமொன்றின் கடவுச்சொற்களை ஆளும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இந்நெருக்கத்தின் இடர் 2021இல் வெளிப்பட்டது. ஊழியர் தம் கடவுச்சொல்லைத் தாமே மாற்றிக்கொள்ள உதவும் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்னும் மேனேஜ்எஞ்சின் பலகத்தில், அடையாளச் சரிபார்ப்பைக் கடந்து நுழைய இடந்தரும் குறை கண்டறியப்பட்டது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. செப்டம்பர் 16 அன்று எஃப்.பி.ஐ., இணையப் பாதுகாப்பு முகமை, கடலோரக் காவல்படையின் இணையப்பிரிவு ஆகியன கூட்டு எச்சரிக்கை விடுத்தன. இது இந்த ஒரு நிறுவனத்துக்கே உரிய குறையன்று. வெப்மினும் 2019இல் இதையொத்த நெருக்கடியைச் சந்தித்தது. உயர் உரிமைகள் அனைத்தும் ஒரே பக்கத்தின் பின்னால் குவியும்போது, அப்பக்கத்தின் பூட்டு ஒன்றே முழு வலைப்பின்னலுக்கும் காவலாகிவிடுகிறது. எங்கிருந்தும் திறப்பதற்கென உருவான பலகத்தைத் திருத்தம் செய்யுமாறு கூறிய அவ்வெச்சரிக்கை, அதனை இணையத்திலிருந்து நேரடியாக அணுக இயலாதவாறு வைக்கவும் அறிவுறுத்தியது.