இல்லாத பல்லும் இருக்கும் சொந்தமும்

"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார்" என்று சங்கச் செயலாளர் கேட்டதும், நாவலூரில் என் வீட்டு மதில்தான் ஞாபகம் வந்தது. ஐப்பசி மழை விழுந்தால் போதும், சிமென்ட் விரிசலில் பச்சை பிடித்துவிடும். நாம் எல்லாவற்றையும் பாசி என்று சொல்லிவிடுகிறோம். குளத்துப் பாசி வேறு, இது மாஸ்.

பெயர் ஹயோஃபிலா இன்வால்யூட்டா. வெயிலில் இலை உள்பக்கம் சுருளும். தண்ணீர் தெளித்தால் விரியும்.

இரண்டாம் ஆண்டில் இதை லென்ஸில் பார்த்தேன். காப்ஸ்யூல் வாயில் பல் வரிசை இல்லை. ரெக்கார்டில் 'ஜிம்னோஸ்டோமம்' என்று எழுதினேன். பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இல்லாததை வச்சு சொந்தம் சொல்லாதே தம்பி. ஆனா இந்தத் தப்பைப் பண்ணின முதல் ஆள் நீ இல்லை" என்றார்.

அது உண்மைதான். ஜெர்மானிய மருத்துவர் ஹெட்விக் மாஸ்களை அந்தப் பற்களை வைத்தே பிரித்தார். அவர் இறந்து, 1801-இல் வெளிவந்த நூல்தான் பெரும்பாலான மாஸ் பெயர்களுக்குத் தொடக்கம். பல் இல்லாதவை 'வெற்று வாய்' என்ற பொருள்படும் ஜிம்னோஸ்டோமத்தில் சேர்ந்தன. நம் மதில் மாஸையும் 1819-இல் வில்லியம் ஹூக்கர் அதிலேதான் வைத்தார். 1827-இல் பிரிடெல் ஹயோஃபிலா என்ற பேரினத்தை அமைத்தார். 1873-இல் ஸ்விட்சர்லாந்தின் யேகர் இதை அங்கே மாற்றினார். பல வம்சங்கள் தனித்தனியே பல்லை இழந்தன என்பதை டி.என்.ஏ. ஆய்வுகளும் பின்னாளில் உறுதி செய்தன.

நம் மண்ணிலும் இந்த வேலை நடந்தது. செண்பகனூரில் இருந்த பாதிரியார் ஃபொரோ, பழனி மலை மாஸ்களைத் திரட்டி 1961-இல் பட்டியலிட்டார். 'ஃபொரோயெல்லா' என்ற சின்னப் பேரினம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிற்காலத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இங்கிலீஷ் வராதவர்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி ஓரம் வைத்தேன். ஒருநாள் அந்தச் சிவப்பு மை ஞாபகம் வந்தது. கட்டைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும் என்று கேட்டேன். உள்ளே இருந்தவர்கள் ஒரே மாதிரி இல்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, மழை விட்டதும் ஒரு லென்ஸோடு மதில் பக்கம் போய்ப் பாருங்கள். இல்லாததை அல்ல, இருப்பதை எழுதுங்கள்.