முதற் கிற்றாரின் விலை

கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருவீதியில் பிலிமத்தலாவையை அணுகும்போது, பித்தளைக் குத்துவிளக்குகளை அடுக்கி வைத்திருக்கும் கடைகளைக் காணலாம். வீதியை விட்டுச் சற்று உள்ளே சென்றால் எம்பெக்கே தேவாலயம். மேளம் கொட்டுவோருக்கென்றே, மரத்தூண்களிற் சிற்பம் செதுக்கி எழுப்பிய மண்டபம் ஒன்று அங்கே உண்டு. உலோகத்தையும் மரத்தையும் ஓசையையும் கையால் அறிந்த மக்கள் வாழ்ந்த பகுதி இது.

இங்கே ஆசிரியத் தொழில் புரியும் என்னிடம் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன் வந்தான். "சேர், புதிதாகப் பழகுகிறவன் எந்த மின்கிற்றாரை வாங்கலாம்? விலை குறைந்ததாக இருக்க வேண்டும்" என்று கேட்டான். அவனுடைய தாய் தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விதானே என்று முதலில் எண்ணினேன். ஆனால், விலை குறைந்தது என்றால் யாருக்குக் குறைந்தது? எதனாற் குறைந்தது? இவ்வாறு வினவப் புகுந்தபோது, அது வரலாற்றைக் கேட்கும் கேள்வி என்பது புலனாயிற்று.

மலிவான கருவி போலி. விலையுயர்ந்ததே மெய்யானது என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. மின்கிற்றாரின் பிறப்பே இந்த எண்ணத்தை மறுக்கிறது. சாதாரணக் கிற்றாருக்கு அதன் வயிறுதான் உயிர். மெல்லிய பலகையை நுட்பமாகச் சீவி ஒட்டினாலன்றி ஓசை எழாது. மின்கிற்றாருக்கோ அது வேண்டியதில்லை. காந்தத்தின்மீது கம்பிச்சுருள் சுற்றிய சிறு கருவி ஒன்று உருக்குத் தந்திகளின் கீழே இருக்கிறது. அதனைப் பிக்கப் என்பர். தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அம்பிளிபயர் அதனைப் பெருக்கி ஓசையாக்குகிறது. இதற்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்த மைக்கேல் பரடே, இளமையிற் புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். ஆக, மின்கிற்றாரின் உடல் ஒரு கெட்டிப் பலகையாக இருந்தாலும் போதும். மலிவு என்பது இக்கருவிக்கு நேர்ந்த இழுக்கன்று. அதன் இயல்பிலேயே அடங்கியிருக்கும் வாய்ப்பு.

நடன மண்டபங்களிற் பித்தளை ஊதுகருவிகளின் முழக்கத்துக்கிடையே கிற்றாரின் ஓசை அமிழ்ந்து போயிற்று. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்த முயற்சியில், ஜோர்ஜ் போச்சம்ப், அடோல்ப் ரிக்கன்பாக்கர் ஆகியோரின் மின்கிற்றார் 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸில் விற்பனைக்கு வந்தது. வட்டச் சட்டிக்கு நீண்ட காம்பு வைத்தாற் போன்ற வடிவினது; மடியிற் கிடத்தி வாசிப்பது. 1950இல் லியோ பெண்டர் என்பவர் பலகை உடலுடைய கிற்றாரைத் தொழிற்சாலையிற் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினார். வானொலிப் பெட்டி திருத்துவது அவர் பழைய தொழில்; கிற்றார் வாசிக்க அவருக்குத் தெரியாது. கழுத்தைப் பசையிட்டு ஒட்டாமல் திருகாணியாற் பூட்டினார். பழுதானால் கழற்றி மாற்றலாம் அன்றோ! அத்தொழிற்சாலையில் 1956 முதல் பிக்கப்புக்குக் கம்பி சுற்றிய அபிகேல் இபாரா என்னும் தொழிலாளிப் பெண்ணின் கைவேலையை இன்று சேகரிப்போர் தேடி அலைகின்றனர்.

ஆயினும் அக்கிற்றார் அன்று எளியோர்க்கு எட்டியதா? 1954இல் வெளிவந்த பெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 249.50 டொலர். அன்றைய அமெரிக்கச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சதம். அக்கூலி பெறுபவர் ஏறத்தாழ 333 மணி நேரம் உழைத்தாலே அதனை வாங்கலாம். இந்நிலையை மாற்றியவருள் ஒருவர் நியூ ஜேர்சியின் நேதன் டேனியல். மரச்சட்டத்தின்மேல், மரநாரை அழுத்திச் செய்த அட்டைப்பலகையைப் பொருத்திக் கிற்றார் செய்தார். 1962இல் சியர்ஸ் நிறுவனம் அஞ்சல்வழி விற்ற அவரது கிற்றார், பெட்டிக்குள்ளேயே அம்பிளிபயர் பொருத்தப்பட்டு, 67.95 டொலருக்குக் கிடைத்தது. மணிக்கு 1.15 டொலர் கூலியில் அது 59 மணி நேர உழைப்பு. அடுத்த ஆண்டு, இங்கிலாந்திற் பிரயன் மே என்னும் பள்ளி மாணவன், விலை கொடுக்க வழியின்றித் தந்தையுடன் சேர்ந்து பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டத்தாற் கிற்றாரின் கழுத்தைச் செய்யத் தொடங்கினான். பின்னாளிற் குவீன் குழுவில் உலகெங்கும் ஒலித்தது அந்தக் கிற்றார்தான்.

மலிவுக்கு மற்றொரு முகமும் உண்டு. கிற்றார் உற்பத்தி அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்கும், பின்னர் கொரியாவுக்கும், அங்கிருந்து இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் பரவியது. குறைந்த கூலியைத் தேடி மூலதனம் சென்ற பாதை அது. 2007இல் தென்கொரியாவின் கோர்ட் நிறுவனம் தன் உள்நாட்டுத் தொழிற்சாலைகளை மூடியது. வேலையிழந்த தொழிலாளர் உண்ணாநோன்பிருந்தும் வீதியில் நின்றும் போராடினர். 2019இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. நம் மாணவன் கையிலெடுக்கும் மலிவான கிற்றாரின் விலையில் ஒரு பகுதியை எங்கோ ஒரு தொழிலாளி முன்னரே செலுத்தியிருக்கிறார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1966இல் தோன்றிய மூன்ஸ்டோன்ஸ் குழுவின் வழியே கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாடலில் மின்கிற்றாரை ஒலிக்கச் செய்தார். தமிழிலே நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப் இசை ஊரெங்கும் பரவிற்று. 1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1977இற் கதவு திறந்தது. கடைக் கண்ணாடிக்குள் வெளிநாட்டுக் கருவிகள் வந்தமர்ந்தன. லயத்து வீட்டுக்குள் வந்தனவா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 150 டொலர் விலையுள்ள கிற்றார் ஒன்றைக் கொள்வோம். 2022இன் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. கிற்றார் 30,000 ரூபா. அன்று தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபா. ஆகவே 30 நாள் உழைப்பு. அவ்வாண்டின் நடுவில் டொலர் 360 ரூபாவை எட்டியது, கூலி அசையவில்லை. அதே கிற்றார் 54 நாள் உழைப்பாயிற்று. நாளொன்றுக்கு எட்டு மணியென வைத்தால் 432 மணி நேரம்! 2024இற் கூலி 1,350 ரூபாவாகி, டொலர் 300 ரூபாவளவில் நின்றபோதும் 33 நாட்கள். தீர்வையும் கடைக்காரர் இலாபமும் இதிற் சேரவில்லை; உணவையும் மருந்தையும் கழிக்கவுமில்லை. உலகம் 'மலிவு' என்று விற்கும் கருவி, 2022இல் நம் தோட்டத்துத் தாய்க்கு, 1954இன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமெரிக்கக் கூலியாளுக்கு இருந்ததைவிட எட்டாததாயிருந்தது.

ஆகவேதான் நம்மவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. பெயரைப் பார்க்காதே, பொருளைப் பார் என்றேன் மாணவனிடம். தச்சர் பலகையை நோக்குவது போலக் கழுத்தை நீளவாக்கிற் கண்ணருகே பிடித்து, முறுக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டில் தந்தியின் உயரம் இரண்டு மில்லிமீற்றரளவில் இருப்பது நன்று. மிகுந்தால் விரல் நோகும், பழகுபவன் மனம் உடைவான். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு தந்தியையும் மீட்டி, இரைச்சல் எழுகிறதா என்று கேட்க வேண்டும். சுருதி கூட்டிச் சிறிது நேரம் வாசித்தபின் முறுக்காணிகள் சுருதியைக் காக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். தந்திகளைத் தாங்கும் குதிரை அசையாததாக இருப்பதே தொடக்கநிலைக்கு ஏற்றது. அசையும் குதிரை புதியவனின் சுருதியைக் குலைக்கும். இவை சரியாயிருப்பின் பிறர் பழகிய கிற்றாரும் குறைவானதன்று. ஹெட்போன் பூட்டத்தக்க சிறிய அம்பிளிபயர் போதும். ஒரே சுவரைப் பங்கிடும் லயத்து அறைகளில், விடியலில் வேலைக்குச் செல்லும் அயலாரின் உறக்கம் கெடாமற் பழக அதுவே உதவும்.

மலையகத்தின் பழங்கருவி தப்பு. தோலும் மரமும் கொண்டு தம் கையாற் செய்து, தீயிற் காய்ச்சிச் சுருதியேற்றிக் காமன் கூத்துக்கு முழக்கினர் நம் மூத்தோர். அதனை இழிந்ததென்று ஒதுக்கியவர்கள் உண்மையில் ஒதுக்கியது அதனை முழக்கிய கைகளையே. மலிவான கிற்றாரை ஏளனஞ் செய்யும் குரலிலும் அந்த ஒலி கேட்கிறது.

மாணவன் இன்னும் வாங்கவில்லை. 2024இன் கணக்குப்படியான 33 நாட் கூலியை அவன் தனியாகச் சுமக்க வேண்டும் என்பதும் நியதியன்று. பத்துப் பேர் கூடினால் தலைக்கு மூன்று நாட் கூலிக்குச் சற்று மேல். பாடசாலைக்கு ஒரு கிற்றார், முறைவைத்துப் பழகல் என்று நாங்கள் பேசத் தொடங்கியிருக்கிறோம். ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையிலும் இதனைப் பேசிப் பாருங்கள்.