மடை திறந்தபோது வந்த பறவைகள்

இயற்கைப் புகலிடம் என்றதும் மனிதக் கை படாத நிலம் ஒன்றை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். மனிதன் விலகி நின்றால் போதும், உயிர்கள் தாமே பெருகும் என்பது அக்கற்பனையின் மறுபாதி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில் அமைந்த மின்ஸ்மியர் சதுப்பு நிலத்தின் வரலாறு இவ்விரு எண்ணங்களையும் ஐயுற வைக்கிறது.

கடலும் ஆறும் மாறி மாறி உரிமை கொண்டாடிய நிலம் அது. 1182இல் அங்கு எழுந்த லீஸ்டன் துறவு மடம், வெள்ளத்தைத் தாங்க இயலாமல் 1363இல் மேட்டு நிலத்துக்கு இடம் பெயர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் நீரை வடித்து அதனை மேய்ச்சல் நிலமாக்கினர். நாடெங்கும் சதுப்புகள் இவ்வாறு வற்ற, வேட்டையும் முட்டை சேகரிப்பும் அதனோடு சேர்ந்துகொள்ள, அவோசெட் என்னும் பறவை அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பிரிட்டனில் கூடு கட்டுவதையே விட்டொழித்தது. வெள்ளுடலில் கரும்பட்டைகளும் மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகும் கொண்ட அப்பறவை நமக்கு அந்நியமன்று. குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கு வரும் கோணமூக்கு உள்ளானும் அதே இனம்தான்.

1940இல் ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்பார்த்த பிரிட்டன், கரையோரத்தைக் காக்க மின்ஸ்மியரை நீரில் மூழ்கடித்தது. போர் முடிந்தபோது மேய்ச்சல் நிலம் மறைந்து, நாணலும் ஆழமற்ற நீர்ப்பரப்புமாய் அவ்விடம் மாறியிருந்தது. 1947ஆம் ஆண்டின் இளவேனிலில், ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குப் பின், அவோசெட்டுகள் அங்கே கூடு கட்டின. அருகிலுள்ள ஹேவர்கேட் தீவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அதே ஆண்டில் அரச பறவைப் பாதுகாப்புக் கழகம் மின்ஸ்மியரைக் குத்தகைக்கு எடுத்தது. போருக்காகத் திறந்த மடை பறவைக்கு வழிவிட்டது. இதைத் திட்டமிட்டவர் எவருமிலர்.

ஆனால் தற்செயலாய் வந்தது தானே நிலைப்பதில்லை. மின்ஸ்மியரில் அவோசெட்டுகள் தொடர்ந்து தங்கவில்லை. 1959இல் காப்பாளராகப் பொறுப்பேற்ற பெர்ட் ஆக்ஸெல், 1960களின் முற்பகுதியில் நிலத்தை ஆழமின்றிச் சுரண்டி, சிறு தீவுகளை அமைத்து, மதகுகளால் நீர்மட்டத்தை ஆளும் உவர்நீர்க் குட்டைகளை உருவாக்கினார். 'ஸ்க்ரேப்' என்று அழைக்கப்படும் அப்பரப்பிற்கு அவோசெட்டுகள் மீண்டன. முன்னர்ப் போர் செய்ததை இப்போது மண்வெட்டியும் மதகும் அறிந்தே செய்தன.

நீர் மட்டும் போதாது என்பதை அடுத்த நெருக்கடி காட்டியது. டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் உணவுச் சங்கிலியின் வழியே உடலில் சேர்ந்து, வேட்டைப் பறவைகளின் முட்டையோட்டை மெலியச் செய்தன. 1971இல் பிரிட்டன் முழுவதிலும் இனப்பெருக்கம் செய்த சேற்றுப் பூனைப்பருந்து ஒரே ஓர் இணை. அவ்விணையும் மின்ஸ்மியரில்தான் இருந்தது. அம்மருந்துகளுக்குத் தடை வந்த பின் அவ்வினம் நூற்றுக்கணக்கான இணைகளாய்ப் பெருகியது. வேலியிட்ட நிலத்தின் நலம் வேலிக்கு அப்பாலுள்ள வயல்களில் தெளிக்கப்படும் மருந்தையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குருகினத்தைச் சேர்ந்த பிட்டர்னின் கதை வேறு. நாணலுக்குள் மறைந்து வாழும் அதனைக் கண்ணால் எண்ணுதல் அரிது; இளவேனிலில் ஆண் பறவை எழுப்பும், முரசதிர்வது போன்ற ஆழ்ந்த ஒலியைக் கொண்டே கணக்கெடுக்கின்றனர். 1997இல் பிரிட்டன் முழுவதும் ஒலித்த ஆண் பறவைகள் 11 மட்டுமே. நாணற்காடுகள் தம் சருகே மட்கி மேடாகி வறண்டதுதான் முதன்மைக் காரணம். அதாவது, கை வைக்காமல் விட்டதனால் நேர்ந்த அழிவு. மேட்டை அகழ்ந்து நிலத்தைத் தாழ்த்தி நீரைப் பாய்ச்சிய பிறகு எண்ணிக்கை ஏறியது. இன்று அது இருநூற்றைக் கடந்துவிட்டது.

இவ்வரலாற்றை அறிந்த பின் அங்குள்ள பருவக் காட்சிகள் வேறு பொருள் கொள்கின்றன. மார்ச்சில் பிட்டர்னின் ஒலி. ஏப்ரலில் வானில் குட்டிக்கரணம் அடிக்கும் ஆண் பருந்தும், தீவுகளில் அடைகாக்கும் அவோசெட்டும். மே மாதத்தில் புதரில் பாடும் நைட்டிங்கேலும், தும்பிகளைத் துரத்தும் ஹாபி வல்லூறும். ஜூன் அந்தியில் புதர்வெளியிலிருந்து எழும் பக்கிக் குருவியின் இடையறா ஒலி. இவற்றுள் குறைந்தது மூன்று, ஒரு காலத்தில் அந்நாட்டிலேயே இல்லாமற்போனவை அல்லது போகும் நிலையில் இருந்தவை.

அச்சம் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. புகலிடத்தின் தென் எல்லையை ஒட்டி அமையும் சைஸ்வெல் 'சி' அணுமின் நிலையத்திற்கு 2022இல் அரசு இசைவளித்தது. 2025இல் முதலீட்டு முடிவும் எட்டப்பட்டது. நிலத்தடி நீரோட்டம் மாறுமோ, பேரொலி கூடுகளைக் கலைக்குமோ எனப் பறவைப் பாதுகாப்புக் கழகம் கவலை தெரிவித்தது. கரியமிலம் குறைந்த மின்சாரமும் வேண்டும், நாணற்காடும் வேண்டும் என்னும் இந்த இழுபறிக்கு எளிய விடை இல்லை.

எனினும் ஒன்று தெளிவு. மின்ஸ்மியர் எஞ்சி நின்ற இயற்கையன்று, எண்பதாண்டுகளாக நாள்தோறும் பேணப்படும் இயற்கை. அங்கே மதகை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று கவனிக்க ஓர் ஆள் இருக்கும்வரையில்தான் அவோசெட்டுக்கு அடுத்த இளவேனில் உண்டு.