விதியா, துருவா?

மலைக்காடுகளை அழித்துக் கண்டிச் சீமையெங்கும் காப்பி நட்டனர். காடு திருத்தியவர் யார்? தமிழகத்திலிருந்து கால்நடையாய்ச் சென்ற கூலித் தமிழர்! காசு குவித்தவர் யார்? கப்பலேறி வந்த வெள்ளைத் துரைமார்!

1869-இல் இலைத்துரு நோய் தோன்றியது. இருபதே ஆண்டுகளில் காப்பித் தொழில் கவிழ்ந்தது. விதியென்று விட்டுவிடுவதா? அறிவு அப்படி விடவில்லை. 1880-இல் இலங்கை வந்த மார்ஷல் வார்டு ஆராய்ந்தார்: நோய்ப் பூஞ்சையின் நுண்வித்துகளைக் காற்று சுமக்கிறது, தடுக்க இடையில் மரங்களில்லை, மலைமுழுதும் ஒரே பயிர், நோய்க்கு ஓயாத விருந்து!

துரைமார் கற்றதென்ன? காப்பி போய்த் தேயிலை. மீண்டும் ஒரே பயிர்! உழைத்த தமிழருக்கோ நிலமில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர்.

தோழர்களே! பலவகை மரம் வளர்க்கும் கொள்கையும், பாடுபடுவோர்க்கு நிலத்தில் உரிமையும் இணைந்தாலன்றோ தோட்டம் நிலைக்கும்?