வழி தெரிந்தவர்

குண்டுவீச்சு விமானத்தில் குண்டு போடுவது கடைசி அரை நிமிட வேலை. அதற்கு முந்தைய மூன்று, நான்கு மணி நேரமும் மேப்பும் பென்சிலுமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கும் நேவிகேட்டருடையது. நான் அந்த இனம். இந்திய விமானப்படையின் கான்பெரா பி.ஐ. 58-ல் பைலட்டுக்கு எஜெக்‌ஷன் சீட் இருந்தது, நேவிகேட்டருக்கு இருக்கவில்லை. ஆபத்து என்றால் கதவைத் திறந்து குதிக்க வேண்டியதுதான். பைலட்டுகளைப் பற்றி உருகி எழுத எனக்கு அதனாலேயே கை வராது. டொனால்ட் பென்னட் மட்டும் விலக்கு. பைலட்டாக இருந்துகொண்டே, வழி கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழில் என்று சாதித்தவர் அவர்.

ஆஸ்திரேலியாவின் டுவும்பாவில் 1910-ல் பிறந்தவர். 1930-ல் அந்நாட்டு விமானப்படையில் சேர்ந்து, மறு ஆண்டே பிரிட்டன் விமானப்படைக்குப் போனார். அங்கிருந்து விலகி இம்பீரியல் ஏர்வேஸில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தார். 1936-ல் வெளிவந்த அவருடைய ‘தி கம்ப்ளீட் ஏர் நேவிகேட்டர்’ பல பதிப்புகள் கண்ட பாடநூல். நட்சத்திரத்தை செக்ஸ்டன்டில் பிடித்து இருக்கும் இடத்தைக் கணக்கிடுவதில் அவருக்கு நிகராக அந்தக் காலத்தில் சிலரே இருந்தார்கள்.

1938 ஜூலையில் ‘மெர்க்குரி’ என்ற கடல் விமானத்தை அயர்லாந்தின் ஃபாயின்ஸிலிருந்து கனடாவின் மான்ட்ரியலுக்கு ஓட்டிப் போனார். அவ்வளவு எரிபொருளோடு அந்த விமானத்தால் தானாகத் தண்ணீரை விட்டு எழும்ப முடியாது. ‘மாயா’ என்ற பெரிய கடல் விமானம் அதை முதுகில் சுமந்து மேலே ஏறி, ஆகாயத்தில் விடுவித்தது. அட்லாண்டிக்கைத் தாண்ட 20 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. சரக்கு, செய்தித்தாள்களும் செய்திப்படச் சுருள்களும். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்காட்லாந்தின் டண்டியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு நதி முகத்துவாரம் வரை 6,045 மைல் நிற்காமல் பறந்தார்.

1940 நவம்பரில், அமெரிக்காவில் கட்டிய 7 ஹட்சன் விமானங்களை நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடப்பது தற்கொலை என்று பேசப்பட்ட நேரம். தேர்ந்த நேவிகேட்டர்களுக்குப் பஞ்சம். முன்னால் பறந்த பென்னட்டின் கணக்கே மற்றவர்களுக்கும் கணக்கு. நடுவில் மேகம் கூட்டத்தைக் கலைத்தது. ஆனாலும் ஏழும் வந்து சேர்ந்தன.

அந்த நாட்களில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானங்கள் இரவில் ஜெர்மனிக்குப் போய், இலக்கைத் தாக்கியதாக அறிக்கை எழுதிக்கொண்டிருந்தன. அந்த விமானங்கள் 1941 கோடையில் எடுத்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வைத்து, பட் என்ற அரசு அதிகாரி சரிபார்த்தார். தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 5 மைலுக்குள் போயிருந்தது. புகை மூடிய ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்று. எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. காற்றின் வேகத்தை 20 நாட் தப்பாகக் கணித்தால் மூன்று மணி நேரத்தில் 60 கடல் மைல் விலகிவிடலாம். கீழே விளக்கணைத்த நாடு, மேலே மேகம். தப்பு தப்பென்று தெரியவே தெரியாது.

விமானப்படைக்குத் திரும்பியிருந்த பென்னட், 1942 ஏப்ரலில் நார்வேயில் பதுங்கியிருந்த ‘டிர்பிட்ஸ்’ போர்க்கப்பலைத் தாக்கப் போனபோது அவருடைய ஹாலிஃபாக்ஸ் விமானம் சுடப்பட்டது. இறக்கை எரிய, ஆட்களை முதலில் குதிக்க விட்டுவிட்டுக் கடைசியில் குதித்தார். தன் வயர்லெஸ் ஆபரேட்டரோடு பனிமலை வழியே நடந்து ஸ்வீடன் எல்லையைத் தாண்டினார். சில வாரங்களில் இங்கிலாந்தில் இருந்தார்.

அந்த ஆகஸ்டில் பாத்ஃபைண்டர் படை அமைந்தது. மற்ற விமானங்களுக்கு முன்னால் போய், இலக்கின்மேல் வண்ணத் தீப்பொறிகளைக் கொட்டி அடையாளம் காட்டும் படை. தேர்ந்த ஆட்களைத் தனியே பிரிப்பதில் குண்டுவீச்சுப் படையின் தலைமைத் தளபதி ஹாரிஸுக்கு இஷ்டமில்லை. மேலிடம் கட்டாயப்படுத்திய பிறகு, பென்னட்டைத் தலைவராக்கினார். முதல் தாக்குதலே, ஃபிளென்ஸ்பர்க்கில், சொதப்பல். பிறகுதான் கருவிகள் வந்தன. ‘ஓபோ’ என்றொரு முறை: இங்கிலாந்திலுள்ள ஒரு ரேடியோ நிலையத்திலிருந்து மாறாத தூரத்தில், முளையில் கட்டிய மாடு சுற்றுவதுபோல, மாஸ்கிட்டோ விமானம் வில்லாக வளைந்து பறக்கும், இரண்டாவது நிலையம் தூரத்தை அளந்து, போடு என்று சைகை கொடுக்கும். பூமி உருண்டை என்பதால் தூரம் போகப் போக உயரம் வேண்டும். 28,000 அடியில் பறக்கும் மாஸ்கிட்டோதான் அதற்குப் பொருத்தம் என்று பென்னட் பிடிவாதம் பிடித்தார். 1943 மார்ச்சில் எஸ்ஸன் நகரின் குருப் ஆலைகள், அதுவரை தப்பிவந்தவை, முதன்முதலாகச் சரியாக அடிபட்டன. அந்த டிசம்பரில் பென்னட் 33 வயதில் ஏர் வைஸ் மார்ஷல்.

என் தொழில் பெருமை இதுவரைதான் தாங்கும். அதே ஆண்டு ஜூலை 27 இரவு, ஹம்பர்க். ஓபோ எட்டாத தூரம்; விமானத்திலிருந்த ரேடாரை நம்பிப் போட்ட அடையாளத் தீ, குறித்த இடத்துக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி விழுந்தது. நேவிகேட்டர் கணக்கில் அது பிழை. ஆனால் எல்லாம் நெருக்கமாக விழுந்தன; பின்னால் வந்த எழுநூற்றுச் சொச்சம் விமானங்களும் சிதறாமல் அங்கேயே கொட்டின. ஹாமர்புரூக் என்ற தொழிலாளர் குடியிருப்பில் தீப்புயல் எழுந்தது. அந்தத் தொடர் தாக்குதல்களில் செத்தவர்கள் 35,000-க்கும் மேல். 1941-ல் வயல்வெளியில் சிதறிப் போன குண்டுகளை ஒரே இடத்தில் விழவைத்ததுதான் பாத்ஃபைண்டர்களின் சாதனை. இதுவும் அந்தச் சாதனைதான்.

அவர்களும் செத்தார்கள். அந்தப் படையில் மட்டும் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேல். அதன் மூன்று விக்டோரியா கிராஸ் பதக்கங்களும் இறந்தவர்களுக்கே. பென்னட்டுக்கு நாக்கில் கத்தி. தன்னளவு தெரியாதவர்களை மேலதிகாரிகளானாலும் மதிக்கமாட்டார். போருக்குப் பின் மற்றக் குழுத் தளபதிகளுக்குக் கிடைத்த சர் பட்டம் அவருக்கு வரவில்லை. 1945-ல் லிபரல் எம்.பி.யாக 73 நாள். பிறகு தென் அமெரிக்க வழித்தட விமான நிறுவனம் ஒன்றின் தலைமை. 1948-ல் அந்நிறுவனத்தின் ‘ஸ்டார் டைகர்’ விமானம் அட்லாண்டிக்கில் காணாமல் போன பின் அந்தப் பதவியும் பறிபோனது. 1986-ல் இறந்தார்.

அவர் வாழ்க்கையில் என்னை விடாதது பெர்லின். 1945 பிப்ரவரி, மார்ச்சில் அவருடைய மாஸ்கிட்டோக்கள் 36 இரவுகள் விடாமல் அந்த நகரத்தில் குண்டு போட்டன. 1948-ல் ரஷ்யர்கள் தரைவழியை மறித்தபோது, அதே நகரத்து மக்களுக்காக டியூடர் விமானங்களில் டீசல் கொண்டு போனார், தானே ஓட்டினார். காற்று, உயரம், நேரம் என்று இரண்டு பயணத்துக்கும் நேவிகேட்டர் போடும் கணக்கு ஒன்றே. அதனால்தான் ‘நான் வழி மட்டும் காட்டினேன்’ என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. வழி காட்டியவனில்லாமல் யாரும் அங்கே போய்ச் சேரவில்லை. டீசலுக்கான நன்றியில் பங்கு கேட்கிறவன் ஹாமர்புரூக்கிலும் பங்கு ஏற்கத்தான் வேண்டும்.